ஏழாம் தொட்டியின் நல்லடக்கம்

மீன் குஞ்சு பிறக்கும்போது அதற்கு வயிறு கிடையாது. வாய் உண்டு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு இரண்டு கண் உண்டு, குடல் என்ற பெயரில் ஒரு நூலிழை உண்டு. இரைப்பை என்று நாம் சொல்கிற சங்கதி பிறகு மெதுவாக, அதற்குத் தோன்றும்போது வந்து சேரும். இது தெரியாமலேயே தையல்காரம்மா கல்யாணம் கட்டி, ஒரு பெண்ணைப் பெற்று, தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுத்து நிம்மதியாகத்தான் இருந்தாள். குளம் வெட்டியதும் அந்த நிம்மதி போயிற்று.

குளம் வெட்டியதற்குக் காரணம் அவள் புருஷன். அவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பெரும்பகுதி கடலில் மிதந்துகொண்டு யார் யாருக்கோ முட்டை பொரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வருவதெல்லாம் போனில்தான். அப்பா என்றால் போனுக்குள் குடியிருக்கும் ஒரு ஆள் என்று குழந்தை முடிவு கட்டியிருந்தது. இந்த விடுமுறைக்கு அவர் வந்து இறங்கி, ஆசையாகப் பிள்ளையைத் தூக்கியதும் அது வீறிட்டுத் திமிறி இறங்கி, அம்மாவின் போனை எடுத்துப் பழகிய படத்தை அமுக்கியது. அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் எடுத்தார். "அப்பா, யாரோ ஒரு ஆள் வந்து என்னைத் தூக்கறாரு, சீக்கிரம் வா" என்று அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரிடமே புகார் சொன்னது குழந்தை. அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன்டா கண்ணு" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போன பள்ளம் ஒன்று இருந்தது. அதைச் செதுக்கிக் கரை கட்டினார்கள். மழையும் நல்லபடியாக வந்து நிரப்பிக் கொடுத்தது. கொடுவாய் மீன் வளர்ப்பது என்று முடிவாயிற்று.

"இந்த மழைக்குள்ள குஞ்சு இறங்கிடுச்சுன்னா கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிடறேன்" என்றார் புருஷன். "இறங்கலைன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வெறும் தண்ணியைக் காட்டி நான் இங்க உக்காந்திருக்க முடியாது."

"குஞ்சு தானேங்க? போய் வாங்கிட்டு வந்தா ஆச்சு" என்றாள் தையல்காரம்மா. உலக அனுபவம் இல்லாதவள் பேசுகிற பேச்சு அது.

கொடுவாய்க் குஞ்சை நினைத்த இடத்தில் வாங்கிவிட முடியாது. அதற்கென்று ஒரு நிலையம் இருந்தது. இளம் மீன் செரிமான மேம்பாட்டு நிலையம். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு குளத்துக்காரர், வாங்கிப்போன குஞ்சுகள் தீனியைத் தின்றுவிட்டுச் செத்துப்போயின என்று புகார் கொடுத்தாராம். இனி வயிறு வராத எந்தக் குஞ்சும் வெளியே போகக் கூடாது என்று மேலிடம் ஒரு நிலையத்தையே கட்டிவிட்டது. வயிறு வந்துவிட்டது, செரிக்க வைக்கும் சாறு முழு அளவில் ஊறுகிறது என்று சான்றிதழ் எழுதினால்தான் குஞ்சு வாசலைத் தாண்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குஞ்சும் வாசலைத் தாண்டியதில்லை என்ற விவரம் வாசலில் எழுதியிருக்கவில்லை.

தையல்காரம்மா இரண்டு நீல டிரம்களைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினாள். இயக்குநர் உடனே பார்த்தார். அவரைப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை. மேசைமேல் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் பிளாஸ்டிக் மீன்கள் அழகாக நீந்திக்கொண்டிருந்தன.

"உயிர் மீன் வெச்சுப் பாத்தோம்மா. செத்துப்போயிடுது. வர்றவங்க தப்பா நினைக்கறாங்க" என்றார் இயக்குநர்.

"சார், எனக்குக் குஞ்சு வேணும்."

"நல்லது. ஆனா ஒரு விஷயத்தைத் தெளிவாப் புரிஞ்சுக்கணும். இது குஞ்சு கொடுக்கற இடம் இல்லை. குஞ்சுக்குத் தகுதி கொடுக்கற இடம்."

"தகுதி வந்ததும் கொடுப்பீங்களா சார்?"

"தகுதி வந்துட்டா அப்புறம் அது எங்க பொறுப்பே இல்லை. தாராளமா எடுத்துட்டுப் போகலாம்" என்று சொல்லி இயக்குநர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

தொட்டிக் கூடத்துக்கு அவளை அழைத்துப் போனது ஒரு இளம் ஆய்வாளர். செரிமானச் சாறுகளுக்கு நொதி என்று பெயராம். அதை அளப்பதுதான் இவள் வேலை என்பதால் நிலையத்தில் எல்லோரும் இவளை நொதிப் பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். கூடத்தில் வரிசையாக வெள்ளைத் தொட்டிகள். குனிந்து பார்த்தால் உள்ளே தூசு பறப்பது போல ஒரு கூட்டம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தூசுக்கும் கண் இருந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி. தின்ற தீனி மாவு உள்ளே மஞ்சள் நூலாகத் தெரிந்தது.

"வயிறு முட்டத் தின்னிருக்கே!" என்றாள் தையல்காரம்மா சந்தோஷமாக.

"தின்னுதுக்கா. செரிக்கத்தான் மாட்டேங்குது. உள்ள போன மாவு அப்படியே வெளிய வருது. அதுங்க எல்லாம் பட்டினியில சாகுதுங்க."

"இவ்வளவு தின்னுட்டா?"

"ஆமாக்கா. மாவைக் கரைக்கற புளிச்ச சாறு இரைப்பையில இருந்துதான் வரணும். இரைப்பையே இன்னும் வரலை. இந்த வயசுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிரா நீந்துமில்ல, அதைத்தான் திங்கணும். அது உள்ள போனா லேசாக் கரைஞ்சிடும்."

"அதைப் போட வேண்டியதுதானே?"

நொதிப் பொண்ணு கூடத்தின் கோடியில் இருந்த பெரிய கதவைக் காட்டினாள். அங்கேதான் முன்பு அந்தச் சின்ன உயிர்களை வளர்த்துக்கொண்டிருந்தார்களாம். வாடை அடிக்கிறது என்று அதை எடுத்துவிட்டு, குளிர்சாதனம் போட்டு, கூட்ட அரங்கமாக மாற்றிவிட்டார்கள். குஞ்சுகள் ஏன் சாகின்றன என்று ஆராயும் கூட்டங்கள் அங்கேதான் நடக்கும்.

"சரி, வயிறு வந்துடுச்சான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"அரைச்சுதான்."

"என்னத்தை?"

"குஞ்சைத்தான்க்கா. ஒண்ணு ரெண்டு பத்தாது, தூசி மாதிரி இருக்கில்ல. ஒரு கை நிறைய அள்ளி அரைச்சு, அந்தச் சாறுல நொதி இருக்கான்னு பாப்போம். இல்லைன்னா மறுபடி அரைப்போம்."

"இருந்தா?"

"இருந்தா சான்றிதழ்."

"யாருக்கு?" என்று கேட்டாள் தையல்காரம்மா. குதர்க்கமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

நொதிப் பொண்ணு கையிலிருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருந்தது. கேட்கிறவர்கள் எல்லாம் அளவு என்ன என்று மட்டும் கேட்பார்களாம்.

அன்றைக்குக் குஞ்சு கிடைக்கவில்லை. அதற்குப் பதில் பதவி கிடைத்தது. வயிற்று வளர்ச்சிக் கண்காணிப்புக் குழுவில் பயனாளி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. இதுவரை யாரும் பயன் அடையாததால் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. டிரம்மோடு வந்து நிற்கிற பெண்ணைக் கண்டதும் இயக்குநருக்கு வாயெல்லாம் பல். "நீங்கதாம்மா எங்க பயனாளி" என்று அவளை உட்கார வைத்து, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, ஒரு கோப்பு அட்டையையும் கையில் கொடுத்தார். "குஞ்சு எப்போ சார்?" என்றாள் அவள். "குழு உறுப்பினரே இப்படி அவசரப்படலாமா?" என்று இயக்குநர் செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

வீட்டில் புருஷன் காலி டிரம்களை எட்டிப் பார்த்தார். "குஞ்சு எங்கே?"

"குழுவுல போட்டிருக்காங்க."

"குஞ்சையா?"

"என்னை" என்றாள் அவள். கணவர் பரண் மேலிருந்த பெட்டியை எடுத்துத் துடைத்து, மூலையில் வைத்தார்.

குழுக் கூட்டம் அந்தக் குளிர்ந்த அரங்கத்தில் கூடியது. இயக்குநர் தலைமை. அவருக்கு வலப்புறம் இழப்பு மதிப்பீட்டு அதிகாரி. செத்த குஞ்சுகளை எண்ணுவது அவருடைய துறை. நிலையத்திலேயே வேலை குவிந்து கிடந்தது அவர் ஒருவருக்குத்தான், ஆகவே அவருக்குத்தான் பெரிய அறை. இடப்புறம் நொதிப் பொண்ணு. எதிரே தையல்காரம்மா, கோப்பு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு.

"நம்ம குஞ்சுகள்கிட்ட முனைப்பு இல்லை" என்று தொடங்கினார் இயக்குநர். "நாம திட்டத்துல வயித்துக்கு ஒரு தேதி போட்டிருக்கோம். மேலிடம் ஒப்புதல் கொடுத்திருக்கு. எல்லாம் சரியா இருக்கு. குஞ்சு மட்டும் பின்தங்கியிருக்கு. இதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"சார், உயிர்த்தீனி கொடுத்தா..." என்றாள் நொதிப் பொண்ணு.

"புழு பூச்சியை வளர்த்து ஊட்டச் சொல்றீங்களா? அது சலுகை. சலுகை கொடுத்தா எவனுக்குமே வயிறு வராது. கஷ்டப்பட்டுச் செரிக்கணும். நான் இந்தப் பதவிக்கு வந்ததும் அப்படித்தான்." இயக்குநரின் மாமனார் யார் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

பிறகு தீர்வுகள் வந்தன. வாரத்துக்கு ஒரு முறை அரைத்துப் பார்ப்பதால்தான் வளர்ச்சி மந்தமாக இருக்கிறது, தினமும் அரைத்துப் பார்த்தால் வேகம் பிடிக்கும் என்று மேலிடம் கருத்துச் சொல்லியிருந்தது. குழு அதை ஒருமனதாக ஏற்றது.

"அம்மா, பயனாளி தரப்புல ஏதாவது?"

தையல்காரம்மா எழுந்து நின்றாள். "ஒண்ணுமில்லை சார். நானும் என் பொண்ணுக்கு கவுன் தைக்க அளவெடுக்கறேன். அடிக்கடி அளந்தா சீக்கிரம் வளரும்னு தெரியாமப் போச்சு."

"பாத்தீங்களா, எளிய மக்களுக்கும் புரியுது" என்று இயக்குநர் மகிழ்ந்து, அதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்.

அன்றிலிருந்து அரைக்கும் இயந்திரத்துக்கு ஓய்வே இல்லை. காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. நொதிப் பொண்ணு காலையில் வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டாள். முதல் தொட்டி காலியாயிற்று, பிறகு இரண்டாவது. மிச்சம் இருந்தவை மாவைத் தின்று பட்டினி கிடந்து, அரைப்பவளுக்குச் சிரமம் வைக்காமல் தாமாகவே போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு தொட்டி காலியாகும்போதும் இழப்பு அதிகாரி வந்து அழகான கையெழுத்தில் எழுதிவிட்டுப் போனார். தையல்காரம்மா வந்து வந்து குஞ்சு கேட்டாள். வந்து வந்து தேநீர் குடித்தாள். வீட்டில் கம்பெனி ஆள் போன் போட்டு, "வர்றீங்களா இல்லையா, நாளைக்குச் சொல்லணும்" என்று கேட்டுவிட்டான்.

மறுநாள் காலை அவள் போய்ச் சேர்ந்தபோது நிலையமே ஆடிப்போயிருந்தது.

மாடிப்படிக்குக் கீழே ஒரு ஏழாம் தொட்டி இருந்தது. தொட்டி கழுவும் ஒப்பந்தக் கோப்பு எங்கோ மேசை மேசையாகப் பயணம் போய்க்கொண்டிருந்ததால் அந்தத் தொட்டியை மட்டும் யாரும் கழுவவில்லை. மாவு போடுகிறவனுக்கு அங்கே குனிய முதுகு வலி. அதனால் மாவும் விழவில்லை. தண்ணீர் பச்சை பிடித்து, பாசி படர்ந்து, அந்தப் பாசியில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல் பெருகி, அவற்றைத் தின்று குஞ்சுகள் கொழுத்துக்கிடந்தன. நிலையத்தின் அக்கறை எட்டாத ஒரே இடம் அதுதான்.

இதில் ஆடிப்போவதற்கு என்ன இருக்கிறது என்று தையல்காரம்மாவுக்குப் புரியவில்லை. கூட்ட அரங்கத்தில் எல்லோரும் துக்க வீடு போல உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் இதுதான். இழப்பு அதிகாரி போன வாரம் விடுப்பில் போகவேண்டியிருந்தது. எப்படியும் எல்லாம் சாகத்தான் போகின்றன, வருஷா வருஷம் பார்த்ததுதான் என்று அவர் அனுபவத்தின் பேரில் ஏழாம் தொட்டிக்கும் சேர்த்து முன்கூட்டியே சாவு எழுதி அனுப்பிவிட்டார். மேலிடம் அதை ஏற்றுக்கொண்டு, இழப்பைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்ததற்காகப் பாராட்டும் அனுப்பிவிட்டது. இன்று காலை யாரோ படிக்கட்டில் பேனாவைத் தவறவிட்டுக் குனிந்து தேடியபோதுதான், காலமான குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருப்பது தெரிந்தது.

"திரும்ப உயிரோட இருக்குன்னு எழுதிட்டா?" என்று கேட்டாள் நொதிப் பொண்ணு.

இழப்பு அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் எழுதின எதுவும் பிழைச்சதில்லைம்மா!"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்று இயக்குநர் அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "செத்ததுன்னு மேலிடம் ஏத்துக்கிட்டாச்சு. இப்போ உயிரோட இருக்குன்னு சொன்னா, இந்தக் குஞ்சு எங்கிருந்து வந்ததுன்னு விசாரணை வரும். இல்லாத குஞ்சுக்கு எந்தத் தலைப்புல மாவு போடறது? அதெல்லாம் சரிப்பட்டு வராது. செத்தது செத்ததுதான்."

"அப்போ நான் அரைக்கட்டுமா சார்?" என்றாள் நொதிப் பொண்ணு. குரல் சுரத்தே இல்லாமல் வந்தது.

"எப்படி அரைப்பீங்க? உயிருள்ள குஞ்சுலதான் நொதி பாக்கணும்னு விதி. இது செத்த குஞ்சு. ஆனா ஒண்ணு, செத்ததை அன்னைக்கே வளாகத்துல இருந்து அப்புறப்படுத்தணும். சுகாதார விதி. அப்புறப்படுத்தற ஆள்..." என்று இயக்குநர் நிறுத்தினார். அப்புறப்படுத்தும் ஆள் கழுவும் ஒப்பந்தத்தைச் சேர்ந்தவன். அவன் கோப்போடு கோப்பாக எங்கோ இருந்தான்.

தையல்காரம்மாவுக்கு மூலையில் இருந்த பெட்டி கண்முன் வந்தது. அவள் தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார்... நான் வேணா எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிடறேன்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "இதுதான் பயனாளியின் பங்களிப்பு" என்றார் தழுதழுத்து. "குறிப்புல சேருங்க."

பச்சைத் தண்ணீரோடு குஞ்சுகளை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். நொதிப் பொண்ணுதான் ஊற்றினாள். "மெதுவா, மெதுவா" என்று இழப்பு அதிகாரியே சொல்லிவிட்டு, பிறகு தான் சொன்னதை யோசித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். இறந்த குஞ்சுகள், இரண்டு டிரம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். வாசலில் காவலாளி சீட்டை வாங்கிப் படித்துவிட்டு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆடுதேம்மா?"

"வண்டி ஆடுதில்ல" என்றாள் தையல்காரம்மா. காவலாளி சீட்டை இன்னொரு முறை படித்தான். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. கதவைத் திறந்துவிட்டான்.

வீட்டு வாசலில் புருஷன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கம்பெனிக்காரன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"என்ன அது?"

"செத்துப்போன குஞ்சுங்க. பாத்து மெதுவாத் தூக்குங்க, அடிபட்டுடப் போகுது."

அவர் டிரம்மைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டிரம்மைப் பார்த்தார். பிறகு போனில், "இந்தத் தடவை வர முடியாதுங்க. வீட்டுல ஒரு அடக்கம்" என்றார். எதிர்முனையில் மிகவும் வருத்தப்பட்டார்கள். நெருங்கிய உறவா என்று கேட்டார்கள். "ரொம்ப நெருக்கம்" என்றார் அவர்.

குளத்துத் தண்ணீரும் வெயில் பட்டுப் பச்சையாகத்தான் இருந்தது. இறங்கிய குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் காலையில் குழந்தை அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தது. மீன்களுக்கு வயிறு எந்த நாளில் வந்தது என்று யாரும் அளக்கவில்லை. கொஞ்ச நாளில் பொடி மீனை நறுக்கிப் போட்டால் தண்ணீர் கொதிப்பது போல வந்து பாய்ந்தன. அடுத்த மழை தொடங்கும்போது ஒரு முழ நீளம் இருந்தன.

அப்போதுதான் ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது. அடக்கம் நடந்த இடத்தை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். மேலிடம் அன்றைக்கே கேட்டதாம். நிலையம் அதன் வேகத்தில் வந்து சேர்ந்திருந்தது. இயக்குநர் இறங்கினார், இழப்பு அதிகாரி இறங்கினார், பின்னால் நொதிப் பொண்ணு இறங்கினாள். அவள் இன்னும் மெலிந்திருந்தாள்.

"எங்கேம்மா வெச்சீங்க?" என்றார் இயக்குநர் குரலைத் தாழ்த்தி.

தையல்காரம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. குளத்தைக் காட்டினாள்.

"தண்ணியிலயே. பொருத்தம்" என்று இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் ஏறினார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுக்குளத்தில் ஒன்று எம்பிக் குதித்து, படாரென்று விழுந்தது. இயக்குநரின் சட்டையில் தண்ணீர் தெறித்தது.

"என்ன அது?"

"தவளைங்க சார்" என்றார் புருஷன்.

"நல்ல வாட்டசாட்டமான தவளை" என்றார் இயக்குநர். இழப்பு அதிகாரி தவளை நடமாட்டம் உண்டு என்று எழுதிக்கொண்டார். இயக்குநர் பேசத் தொடங்கினார்.

"இங்கே துயில்பவர்கள் தோற்றவர்கள் அல்ல. வயிறு வரும் முன்பே விடைபெற்றவர்கள். நமது நிலையம் இத்தனை வருடங்களில் தகுதி இல்லாத ஒரு குஞ்சைக்கூட வெளியே விட்டதில்லை. தகுதி உள்ள குஞ்சையும் விட்டதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அது நம்முடைய கண்டிப்புக்கு அடையாளம் அல்லவா? குஞ்சுகள் வரும், போகும். நிலையம் நிற்கும். இவர்களின் நினைவாக அடுத்த கட்டத் திட்டத்துக்கு மேலிடம் ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதை இந்த நேரத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்." படார், படார் என்று இரண்டு தவளைகள் குதித்தன. கைதட்டியது போல இருந்தது.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? புருஷன் பின்பக்கம் போய் வலை வீசி வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். கப்பலில் கை பழகிய மனிதர். பொரியும் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. இயக்குநர் முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரமாதம். எங்கே வாங்கினீங்க?"

"இங்கேதான் சார், பக்கத்துல."

"பாருங்க" என்று இயக்குநர் இழப்பு அதிகாரியிடம் வருத்தமாகச் சொன்னார். "சான்றிதழே இல்லாம எவனோ வளர்த்து விக்கறான். நாம இவ்வளவு கஷ்டப்படறோம். இந்த அராஜகத்தை யாரு கேக்கறது? இன்னொரு துண்டு வைங்க."

அடுக்களையில் நொதிப் பொண்ணு கூடமாட உதவிக்கு உட்கார்ந்திருந்தாள். தையல்காரம்மா செதில் சுரண்டிக் கொடுக்க, அவள் வகுந்தாள். முதல் மீனை வகுந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னம்மா, கையை வெட்டிக்கிட்டியா?"

நொதிப் பொண்ணு மீனுக்குள்ளிருந்து வெளுத்த பை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் மெல்லப் பிரித்தாள். உள்ளே ஒரு பொடி மீன் பாதி கரைந்து, கூழாகி, எலும்பு தெரிய இருந்தது.

"இது இரைப்பைக்கா" என்றாள். "கரைச்சிருக்கு பாருங்க. நான் படத்துலதான் பாத்திருக்கேன். எங்க நிலையத்துல எதுவும் இது வர்ற வரைக்கும் இருந்ததில்லை. நானே..." கண்ணீர் கன்னத்தில் இறங்கி முகவாயில் நின்றது. துடைக்கக் கை காலியாக இல்லை. தையல்காரம்மா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கூடத்திலிருந்து இழப்பு அதிகாரியின் குரல் வந்தது. "எங்கேம்மா அந்த நொதிப் பொண்ணு? ஒண்ணுகூடப் பிழைக்கலைன்னு எழுதியாச்சு. வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ, ஜீப்புக்கு நேரமாச்சு."

அவள் பையைத் தட்டில் வைத்துவிட்டு, கையைக் கழுவாமலே போனாள். இரண்டு பெரியவர்களும் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா. எதுக்கு, அரைக்கவா?"

"இல்லைக்கா" என்றாள் அவள். "சும்மா பாத்துட்டு இருக்கறதுக்கு."